இரவல் போன ஒச்சப்பன்

"என்னை யாராச்சும் எடுத்தாங்களா, மேடம்?"

ஒச்சப்பன் மூன்றாவது முறையாக வந்து கேட்டார்.

"இன்னும் இல்லீங்கய்யா" என்றார் நூலகர் உமாராணி.

ஊட்டியில் ஒரு பல்கலைக்கழக நூலகம். வாசிப்பு வாரத்தின் கடைசி நாள், 'மனித நூல்' நிகழ்ச்சி. அன்று மட்டும் புத்தகத்துக்குப் பதிலாக ஆட்களை இரவல் எடுக்கலாம். டோக்கன் வாங்கி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தால், அந்த ஆள் இருபது நிமிடம் தன் கதையைச் சொல்வார். பிடித்திருந்தால் இன்னொரு இருபது நிமிடம் நீட்டித்துக்கொள்ளலாம்.

ஒச்சப்பன் தேயிலைத் தோட்டத் தொழிற்சங்கத்துக்காரர். பதினோரு முறை சிறை சென்றவர். 'பதினேழு போராட்டங்கள், ஒரு மனிதன்' என்று தானே அட்டை எழுதி மேசைமேல் வைத்திருந்தார். எதிர் நாற்காலி காலையிலிருந்து காலி.

பக்கத்து மேசையில் டிரைவர் முத்துவேல். பர்லியார் பக்கம் சிறுத்தையை நேருக்கு நேர் பார்த்தவர். அவருக்கு வரிசை வாசல் வரை நின்றது.

"சிறுத்தை ரோட்டைத் தாண்டிப் போச்சு. இவன் கண்ணாடியை ஏத்திட்டு வண்டிக்குள்ள உக்காந்திருந்தான். இதுல என்ன கதை இருக்கு?" என்றார் ஒச்சப்பன்.

"வீடியோ வச்சிருக்காருங்கய்யா."

"அப்ப நான் போலீஸ்ல அடி வாங்கறப்ப செல்ஃபி எடுத்திருக்கணுமா?"

உமாராணி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சாயங்காலம் துணைவேந்தருக்கு லிஸ்ட் போகணுங்க. ஒரு வாசகர்கூட வராதவங்களை அடுத்த வருஷம் கூப்பிட வேண்டாம்னு சொல்லிட்டாரு. அதான் எனக்கும் சங்கடமா இருக்கு."

ஒச்சப்பன் தன் எதிர் நாற்காலியைப் பார்த்தார். ஆயிரம் பேரைத் தோட்டத்திலிருந்து இறக்கிக் குன்னூர் ரோட்டில் உட்காரவைத்தவர். இன்றைக்கு ஒரே ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அப்போதுதான் மூக்கம்மா துடைப்பத்தோடு அந்தப் பக்கம் வந்தார். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. ஹாலில் இருந்த அறுபது நாற்காலிகளையும் விடிகாலையில் தூக்கிப் போட்டவர் அவர்தான். நன்றியுரையில் அவர் பெயர் வராது.

"ஏம்மா, நீயாவது உக்காரேன்" என்றார் ஒச்சப்பன்.

"வேண்டாங்கய்யா. உக்காந்தா சூப்பர்வைசர் விட மாட்டாருங்க. போன மாசம் படியில செத்த நேரம் குந்துனதுக்கு எங்ககூட வேலை பாத்த தேவிய வேலைய விட்டே நிறுத்திட்டாரு."

"டோக்கன் வாங்கிட்டு உக்காரு. வாசகருக்கு யாரும் இடைஞ்சல் பண்ணக் கூடாதுன்னு போர்டே மாட்டியிருக்காங்க. அந்தாளு என்ன பண்ணிட முடியும்?"

மூக்கம்மா தயங்கித் தயங்கி டோக்கன் வாங்கினார். தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபை முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, ஹாலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

ஒச்சப்பன் தொண்டையைச் செருமினார்.

இருபது நிமிடம் முடிந்ததும் உமாராணி மணியைக் கையில் எடுத்தார். ஒச்சப்பன் பேசிக்கொண்டே கையை உயர்த்தி, இன்னும் இருபது என்று விரல்களால் காட்டினார். அது முடிந்ததும் மறுபடியும் காட்டினார்.

"பாவம் அந்த அக்கா. நல்லா மாட்டிக்கிட்டாங்க" என்றாள் வரிசையில் நின்ற மாணவி கெஸியா.

"தலையை ஆட்டி ஆட்டித்தானே கேக்கறாங்க" என்றாள் அவள் தோழி சரிதா.

"ஆட்டலைன்னா மொதல்ல இருந்து ஆரம்பிப்பாரு."

முத்துவேல் தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னோட சிறுத்தைகூட ரெண்டு நிமிசத்துல என்னை விட்டுட்டுப் போயிருச்சுங்க."

வரிசை மொத்தமும் சிரித்தது. ஒச்சப்பன் காதில் விழாமல் இருந்திருக்காது. அவர் திரும்பவில்லை.

ஒரு மணி நேரம் ஆனபோது சூப்பர்வைசர் ரமேஷ் வந்து நின்றார்.

"என்ன மேடம் இது? மாடி பாத்ரூம் இன்னும் கழுவலை. ஊரெல்லாம் தொழிலாளி உரிமைன்னு பேசற மனுசன், வேலை செய்யற பொம்பளையைப் பிடிச்சு வச்சுத் தன் புராணத்தைப் பாடறாரு. நீங்களே போய்க் கேளுங்க."

உமாராணிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒச்சப்பனின் மேசைக்குப் போனார். ரமேஷ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, போதுங்க. உங்க பேர்ல ஒரு வாசகர் விழுந்தாச்சு. அடுத்த வருஷமும் உங்களைக் கூப்பிடுவோம். ஒரு ஆள் கிடைச்சாங்கன்னு அவங்களை இந்தப் பாடு படுத்தலாமா?"

ஒச்சப்பன் பேச்சை நிறுத்தவில்லை. குரலும் மாறவில்லை. மேசையைத் தட்டப் போன கையை மட்டும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"ஆக, எட்டாவது போராட்டத்துல நாங்க கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மூணு நாள் உக்காந்தோம், மேடம் இந்தப் பக்கம் வந்து இந்தம்மா முகத்தைப் பாருங்க, முதல் போராட்டம் முடியறதுக்குள்ளயே தூங்கிட்டாங்க, நான் வாயை மூடினா அந்த ரமேஷ் இங்க வந்துருவான், லிஸ்ட்ல என் பேருக்கு நேரா வாசகர் யாரும் இல்லைன்னே எழுதிக்குங்க, ரெண்டாம் நாள் பார்த்தீங்கன்னா நல்ல மழை..."

உமாராணி கையிலிருந்த டோக்கன் கட்டிலிருந்து ஒன்றைத் தனக்கே கிழித்துக்கொண்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

"ம்... மழையில என்ன ஆச்சுங்கய்யா?"