ட்ரினாவுக்காக ஒரு ஜெபம்

"ட்ரினாவுக்காக நாம பாரத்தோட ஜெபிக்கணும்" என்றாள் ஜோலீன், தட்டில் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு காசரோலை அள்ளிப் போட்டுக்கொண்டே.

புதன்கிழமை ஜெபத்துக்கு முந்தைய சபை விருந்தில் மேசையைச் சுற்றியிருந்த பெண்கள் தலையைக் கிட்டே கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருந்த அந்தச் சின்ன ஊர்ச் சபையில் புறங்கூறுவது பாவம். ஜெபத்துக்காக விவரம் கேட்டுக்கொள்வது பாவமில்லை. எவ்வளவு விவரம் என்றுதான் வேதத்தில் எங்கும் சொல்லவில்லை.

"என்ன ஆச்சு அவளுக்கு?" என்றாள் மார்லிஸ்.

"புதன்கிழமை ஜெபத்துல அவ முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு? ஞாயித்துக்கிழமை வர்றா, பிள்ளைங்களுக்கு வகுப்பு எடுக்கறா, போயிடறா. புதன்கிழமை சாயங்காலம் அவ வேலை பார்க்கற ஆஸ்பத்திரியில அவளுக்கு டியூட்டியே கிடையாதாம். விசாரிச்சுட்டேன்."

"ஜெபத்துக்காகவா விசாரிச்சே?"

"பின்னே எதுக்கு?"

ஜோலீன் கேட்க உரிமை உள்ளவள்தான். வங்கிக் கிளைக்கு மேலாளர், சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி, பாடகர் குழுவில் முதல் வரிசை, புதன்கிழமை விருந்துக்கும் அவளே பொறுப்பு. கணவன் கர்ட்டைக்கூட வீட்டில் சும்மா விடாமல், சபையின் மைக் செட்டுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டாள். வேலை, வீடு, சபை மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறாய் என்று ஊரே கேட்டுக் கேட்டு, அடுத்த புதன்கிழமை அதைப் பற்றியே அவள் பேசுவதாக ஏற்பாடாகியிருந்தது.

பத்து வயது மகள் ஹேட்டி பிள்ளைகளின் மேசையில் இருந்தாள். புதன்கிழமைகளில் அவளுக்கு சாஃப்ட்பால் ஆட்டம். ஜோலீன் மைதானத்தில் இறக்கிவிட்டு சபைக்கு வந்துவிடுவாள், ஆட்டம் முடிந்ததும் கோச்சே அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார். இன்று மழை பிடித்துக்கொண்டதால் ஆட்டம் இல்லை.

அந்த நேரம் பார்த்து ட்ரினா உள்ளே வந்தாள். கோட்டெல்லாம் ஈரம், கையில் கடையில் வாங்கிய சாலட் டப்பா. விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"பார்த்தீங்களா? நாம ஜெபிக்கிறதுக்கு முன்னாடியே கர்த்தர் கொண்டுவந்து நிறுத்திட்டார்" என்று முணுமுணுத்த ஜோலீன், குரலில் தேனைத் தடவிக்கொண்டாள். "வா ட்ரினா. வழி தெரிஞ்சுதா?"

ட்ரினா சிரித்தபடி உட்கார்ந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதே, அன்பாலதான் சொல்றேன்" என்றாள் ஜோலீன். "உன் ஞாயித்துக்கிழமை வகுப்பை வேற யாருக்காவது கொடுத்துடலாம்னு போதகர்கிட்ட சொல்லலாம்னு இருக்கேன். பிள்ளைங்களுக்கு முன்மாதிரியா இருக்கறவங்களே புதன்கிழமை வரலைன்னா எப்படி?"

ட்ரினாவின் சிரிப்பு போய்விட்டது. "வகுப்பை மட்டும் எடுத்துடாதீங்க, ஜோலீன். எனக்கு அந்தப் பிள்ளைங்கதான் எல்லாம்."

"அப்போ அடுத்த புதன்கிழமை என் பேச்சுக்கு வா. உனக்குத்தான் ரொம்ப உபயோகப்படும்."

"அடுத்த புதன்கிழமை முடியாதே."

"புதன்கிழமையானா அப்படி எங்கேதான் போறே?"

ட்ரினா மற்ற பெண்களைப் பார்த்தாள். யாரும் மென்றுகொண்டிருக்கவில்லை. "இங்கே வேண்டாமே. அப்புறமா உங்ககிட்ட தனியாச் சொல்றேன்."

"ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? நாம எல்லாரும் ஒரே குடும்பம்தானே."

ட்ரினா சாலட் டப்பாவின் விலைச் சீட்டை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். அந்த மௌனத்தை ஜோலீன் மற்றவர்களுக்குக் கண்ணாலேயே பரிமாறினாள். "சரி, இந்த ஞாயித்துக்கிழமையோட விட்டுடு. போதகர்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

ட்ரினா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. அதையும் ஜோலீன் குற்ற உணர்வு என்றே எடுத்துக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்ததும் போதகர் எழுந்து, வழக்கம்போலப் பிள்ளைகளின் ஜெப விண்ணப்பங்களை முதலில் கேட்டார். பெற்றோர்கள் கொஞ்சம் வெலவெலத்துப்போகும் நேரம் அது. ஒருத்தன் தன் ஆமைக்குச் சளி என்றான். இன்னொருத்தி, அப்பா டிரக்கை மோதிவிட்டதை அம்மா கண்டுபிடிக்காமல் இருக்க வேண்டும் என்றாள். அம்மா அடுத்த நாற்காலியில்தான் இருந்தாள்.

ஹேட்டி கையைத் தூக்கினாள். ஜோலீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மிஸ் ட்ரினாவுக்காக எல்லாரும் ஜெபிக்கணும்."

ஜோலீனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தாயின் பாரம் பிள்ளைக்கும் வந்துவிட்டதே. "பார்த்தியா?" என்று மார்லிஸின் கையை அழுத்தினாள்.

"ஜெபிக்கலாமே" என்றார் போதகர். "அவங்களுக்கு என்னம்மா?"

"அவங்களுக்கு லீவு கிடைக்கணும். என்னோட எல்லா ஆட்டத்துக்கும் அவங்கதான் வந்து கை தட்டுவாங்க. அடுத்த புதன்கிழமை கடைசி ஆட்டம். அன்னிக்கு எல்லாரும் அவங்கவங்க அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு மைதானத்துக்குள்ள நடந்து வரணும். ஆனா அன்னிக்குன்னு பார்த்து ஆஸ்பத்திரியில மிஸ் ட்ரினாவுக்கு டியூட்டி போட்டுட்டாங்க."

மார்லிஸ் மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

போதகர் தொண்டையைச் செருமினார். "அம்மாவையே கூட்டிட்டுப் போகலாமேம்மா?"

"அம்மாவால வர முடியாது" என்றாள் ஹேட்டி. "அன்னிக்கு அவங்க இங்க பேசறாங்க. வீட்டை எப்படிக் கவனிச்சுக்கறதுன்னு."