புரோட்டா தின்ற வாரம்

"உண்மையைச் சொல்லுங்க. இந்த வாரமும் புரோட்டாவா?"

ரம்யா கேட்டதும் சிவப்பிரகாஷ் தலையைச் சொறிந்தான். "ரெண்டே ரெண்டு. பொரிச்சது."

அவள் முகத்தில் கோபம் இல்லை.

பழைய சோறு குடலில் வாழும் நுண்ணுயிர்களை எப்படி மாற்றுகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. சிவப்பிரகாஷ், பக்கத்து வீட்டு இசக்கிச்செல்வி என்று தூத்துக்குடியில் சிலர் அதற்காகத் தினமும் காலையில் பழைய சோறு சாப்பிட ஒப்புக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை ரம்யா வீட்டுக்கு வருவாள்; தின்றதையெல்லாம் சொல்லி, பரிசோதனைக்கு மலம் எடுத்து வைத்த டப்பாவையும் தரவேண்டும். நடுவில் புரோட்டா தின்றால் அந்த வாரம் செல்லாது. ஒரு வாரம் கூடும்.

துறைமுகச் சாலையில் கயிற்றுக்கடை வைத்திருந்த சிவப்பிரகாஷ் அந்த விதியைத்தான் பிடித்துக்கொண்டான். உண்மையில் அவன் புரோட்டாவைத் தொட்டே வெகுநாளாகிறது. ஆனால் வாரங்கள் தீர்ந்துவிட்டால் ரம்யா எதற்காக இந்தப் படியேறப் போகிறாள்?

அடுக்களையிலிருந்து அம்மா செல்வராணி எட்டிப் பார்த்தாள். "ஏலே, தினம் கடையடச்சு வந்து ரசஞ்சோறுல்லா தின்ன? எப்பம்லே புரோட்டா?"

"அது... கடையில வச்சு." அவசரமாகப் பேச்சை மாற்றினான். "டப்பா எடுத்துட்டு வரட்டா?"

"ஐயோ, வேண்டாம். இப்பல்லாம் கேள்வி மட்டும் போதும்."

"அப்ப இன்னும் ஒரு வாரம் கூடுமா?"

"பின்னே? நான் வந்துதானே ஆகணும்" என்ற ரம்யா, செல்வராணி நீட்டிய பழைய சோற்றுக் கிண்ணத்தையும் சின்ன வெங்காயத்தையும் வாங்கிக்கொண்டாள்.

அப்போது இசக்கிச்செல்வி இட்லி மாவு கேட்டு உள்ளே வந்தாள். விளாத்திகுளத்தில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு நேற்றுதான் திரும்பியிருந்தாள். ரம்யாவைப் பார்த்ததும் திகைத்தாள்.

"ஏம்மா, புரோட்டா தின்னவங்க, தின்னாதவங்க எல்லாருக்கும் ஆராய்ச்சி முடிஞ்சிட்டுன்னு போன மாசமே ஆளுக்கொரு டிபன்பாக்ஸ் பரிசு குடுத்துட்டுப் போனியே. இங்கன இன்னும் என்ன கேட்டுட்டு இருக்க?"

ரம்யாவின் கையிலிருந்த வெங்காயம் கிண்ணத்தில் விழுந்தது.

"ஏளா, மாவ வாங்கிட்டு நீ கெளம்பு" என்று செல்வராணி அவளை வாசல்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

குனிந்த தலை நிமிராத ரம்யாவிடம் சிவப்பிரகாஷ் மெல்லச் சொன்னான்: "அடுத்த வாரமும் நான் புரோட்டா தின்னுருவேன். வந்து கேளுங்க."