ஒரு நொடியில் பதில்

யார் எழுதினாலும் ஒரு நொடிக்குள் பதில் போய்விட வேண்டும். மீன் வறுவல் கடைக்காரன் ரொசாரியோவுக்கு அந்த வேலையை, அவன் பேசுகிற மாதிரியே எழுதும் 'நிழல்' என்ற மென்பொருள் பார்த்துக்கொண்டது.

அன்று எதேச்சையாகக் கடையின் இணையப் பக்கத்தைத் திறந்தவன் ஆடிப்போனான். தினமும் எழுதும் நட்சத்திர வாடிக்கையாளர், அவன் மனைவி செலின்! வீட்டில் அவன் காதில் விழாததையெல்லாம் அங்கே கொட்டியிருந்தாள்.

"கட்டி மாதிரி இருக்காம். நாளைக்கு ஸ்கேன். பயமா இருக்குங்க."

"கவலைப்படாதீங்க அக்கா! நாளைக்கு வஞ்சிரத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி!" என்றிருந்தது நிழல்.

ரொசாரியோ நிழலை அணைத்தான். எண்ணெய் விரலால் தட்டினான், அழித்தான், மறுபடி தட்டினான்.

"நாளைக்குக் கடை லீவு. நானும் வர்றேன் செலின்."

அவள் கேட்டாள்: "பதில் வர இவ்வளவு நேரமாச்சே... நிஜமா நீங்கதானா?"