வேலியோரக் கையெழுத்து

சீசனுக்கு முந்தைய ஃபுட்பால் பயிற்சி ஆட்டம் முடிந்தும், ஆஸ்திரேலியாவின் பல்லாரட் மைதான வேலியோரம் சண்டை ஓயவில்லை.

“ப்ரோடியை இந்த வருஷம் உட்கார வைக்கணும். அவன் ஆடினது போதும்” என்றார் தொப்பி போட்ட ஒருவர்.

பக்கத்தில் நின்ற ரசிகை நொலீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “யோவ், தலையில அடிபட்டு விழுந்தும், எழுந்து வந்து ரெண்டு கோல் போட்டான். உமக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?”

“பயிற்சி ஆட்டத்துக்கு எதுக்கும்மா அந்த வீராப்பு?”

“வயித்தெரிச்சல் புடிச்ச மனுஷன்!”

வழக்கம்போல் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டபடி ப்ரோடி வேலியோரம் வந்தான். நொலீன் விடவில்லை. “தம்பி, உன்னை ஆட விடக் கூடாதாம் இந்த ஆளு!”

ப்ரோடி சிரித்தான். அவருடைய தொப்பியை வாங்கி, பேனாவைத் திறந்தான்.

“கோவம் வேணாம் சார். யாருக்குன்னு எழுதணும்?”

அவர் வேலிக்கு மேலாக அவன் கையைப் பிடித்தார்.

“அப்பாவுக்குன்னு எழுதுடா, கண்ணா... காலையில உன்னைக் கார்ல கூட்டிட்டு வந்த உன் அப்பாவுக்கு.”