தாலாட்டு படித்த நாரை

ஒரு காட்டுக் கல்விச்சாலையில் அணிலும் நாரையும் ஒரே நாளில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தன. அணில் கணக்கை எடுத்துக்கொண்டது. ஒரே கிளையில் உட்கார்ந்து யோசித்து, வால் அடர்வதற்குள் முனைவர் பட்டம் வாங்கிவிட்டது. நாரை எடுத்துக்கொண்டதோ நீர்ப்பறவைகளின் பழைய தாலாட்டுகளை. ஏரி ஏரியாகப் போய், அங்கங்கே உள்ள பாஷையைக் கற்று, வயதான பறவைகள் மனம் இளகிப் பாடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"சீக்கிரம் முடித்துவிட்டு வா, கூடு கட்டலாம்" என்று அதை விரும்பிய ஆண் நாரை சொல்லியிருந்தது.

"அடுத்த மழைக்குள் முடித்துவிடுவேன்" என்றது நாரை. ஒவ்வொரு மழைக்கும் அதையே சொன்னது. பொய்யில்லை, ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நம்பியது.

பட்டம் கிடைத்தபோது நாரையின் கழுத்து மெலிந்து, பார்வை மங்கியிருந்தது. மாலை போட்டது, இப்போது தலைமை ஆசிரியராக இருக்கும் அணில்தான்.

"உனக்கு மட்டும் ஏன் இவ்வளவு காலம் பிடித்தது?" என்று அணில் வருத்தத்தோடு கேட்டது.

"கணக்கு உனக்குள்ளேயே இருந்தது. என் பாட்டெல்லாம் மற்றவர்களிடம் அல்லவா இருந்தது" என்றது நாரை.

அங்கிருந்து நேராக ஆண் நாரையின் மரத்துக்குப் பறந்தது. ஆண் நாரை வேறொரு துணையோடு கூடு கட்டியிருந்தது. துணை இரை தேடப் போயிருக்க, குஞ்சுகள் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தன.

"முடித்துவிட்டாயா?"

"முடித்துவிட்டேன்."

ஆண் நாரை குஞ்சுகளைச் சிறகால் அணைத்துக்கொண்டது. பிறகு, "இதுகள் தூங்கமாட்டேன் என்கின்றன. ஒன்று பாடேன்" என்றது.

நாரை பாடியது. குஞ்சுகள் சீக்கிரமே கண்ணயர்ந்துவிட்டன. பாட்டில் இன்னும் பாதி மிச்சமிருந்தது. நாரை குரலைத் தாழ்த்தி அதையும் பாடி முடித்தது.