புள்ளி மாறாத புகை

“காலையிலிருந்து இது நாலாவது வண்டி. நாலுக்கும் ஒரே அளவு. புள்ளிகூட மாறல. என்னய்யா நடக்குது இங்க?”

புகைப் பரிசோதனை நிலையத்தின் ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி திரையைப் பார்த்தார். ஒன்று புள்ளி இரண்டு.

“குறைஞ்சா நல்லதுதானே சார்?” என்றார் முட்டைக்காரர்.

பதினைந்து கடைகளுக்குத் தினமும் முட்டை போடுகிறவர். புதிய விதிப்படி பழைய பைக்குகளுக்கு இன்றுதான் கடைசி நாள். சான்றிதழ் இல்லாவிட்டால் நாளைக்கு வண்டி பறிமுதல். அப்புறம் முட்டையைத் தலையில்தான் சுமக்க வேண்டும்.

“இருபது வருஷத்து வண்டி இப்படியா புகை விடும்? குழந்தை கொட்டாவி விடுற மாதிரியில்ல விடுது!”

“மெக்கானிக் கைராசி சார்.”

“எந்த மெக்கானிக்?”

“அவருக்கு விளம்பரம் பிடிக்காது சார்.”

ஆய்வாளர் எழுந்து வண்டியைச் சுற்றி வந்தார். “தையல்காரர் வண்டி கறுப்பு. எலக்ட்ரீஷியன் வண்டி கறுப்பு. லாண்டரிக்காரர் வண்டியும் கறுப்பு. இப்ப உங்களுது.”

“அந்தக் காலத்துல கறுப்புதான் சார் ஃபேஷன்.”

“போன வாரம் அடிச்ச பெயின்ட் வாசனை வருதே?”

“உங்க முன்னாடி வந்து நிக்கணும்ல. ஒரு மரியாதைக்கு.”

மரியாதை என்ற சொல் ஆய்வாளரைக் கொஞ்சம் குளிர வைத்தது. நாற்காலிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்த பாராட்டுக் கடிதத்தைக் காட்டினார். “படிங்க. என்கிட்டயும் இதே மாடல் இருந்துச்சு, நீலக் கலர்ல. விதி வந்த அன்னிக்கே மச்சினனைக் கூப்பிட்டு, உடைச்சு இரும்புக்குப் போட்டுடுன்னுட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்னு இருக்கக் கூடாது பாருங்க.”

“பெரிய மனசு சார்” என்ற முட்டைக்காரருக்கு ஏனோ இருமல் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஆய்வாளரின் வயிறு சத்தம் போட்டது.

“சார் இன்னும் சாப்பிடலையா?”

“டிபன் பாக்ஸை வீட்டு மேசையிலயே விட்டுட்டு வந்துட்டேன். மாசத்துல பாதி நாள் இதே கூத்துதான். அதுக்காகக் கடமையை விட முடியுமா?” என்றவர் சட்டென்று குனிந்தார். “வண்டி பூரா பழைய ஸ்க்ரூ. நம்பர் போர்டுல மட்டும் புதுசு. திருகித் திருகித் தலையே தேஞ்சிருக்கு!”

முட்டைக்காரர் பக்கவாட்டுப் பெட்டியை மறைத்தபடி நகர்ந்து நின்றார்.

“அந்த சைடு பாக்ஸைத் திறங்க.”

“அதுல ஒண்ணும் இல்ல சார்.”

“ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்குப் பூட்டு? என்ன இருக்கு உள்ள?”

“சத்தியமா எனக்கே தெரியாது சார்.”

“உங்க வண்டிப் பெட்டியில என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாதா?” ஆய்வாளரின் முகம் மலர்ந்தது. இத்தனை வருட சர்வீஸில் இப்படி ஒரு பெரிய மோசடியை அவர் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. உள்ளே இன்னும் மூன்று நம்பர் போர்டாவது இருக்கும். சுவரில் இரண்டாவது கடிதத்துக்கு இடம் இருக்கிறதா என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டார். “இருபது வருஷம் ஆனாலும் என் கண்ணை ஒருத்தன் ஏமாத்த முடியாது. கொண்டாங்க சாவியை!”

சாவியைப் பிடுங்கித் திறந்தார்.

நம்பர் போர்டு எதுவும் இல்லை. மூடி நெளிந்த ஒரு டிபன் பாக்ஸ் மட்டும் இருந்தது. போன மாதம் அவர் கையிலிருந்து டப்பா விழுந்ததில் உண்டான நெளிவு அது. மூடியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் அவர் மனைவியின் கையெழுத்து:

“இன்னிக்கும் மறந்துட்டுப் போயிட்டீங்க. என் தம்பி உடைக்காம வெச்சிருக்கிற நம்ம வண்டி காலையிலிருந்து அங்கதானே வந்துட்டுப் போகுது, அதுலயே வெச்சிருக்கேன். ஆறிடுறதுக்குள்ள சாப்பிட்டுட்டு, டப்பாவை அஞ்சாவதா வர்றவர்கிட்ட குடுத்தனுப்புங்க.”