எட்டு மைல்

கட்டிலும் மருந்து அலமாரியுமாக ஒரு வீட்டையே சக்கரத்தில் ஏற்றியது போலிருந்த அந்த நடமாடும் ஆஸ்பத்திரி வண்டி, உத்திரமேரூரை விட்டு ட்ரங்க் ரோட்டுக்கு வந்திருந்தது. உள்ளே, பிரசவம் சிக்கலாகிவிட்ட ஒருத்தி முனகிக்கொண்டிருந்தாள். நர்ஸ் பக்கத்தில் இருந்தாள். செங்கல்பட்டு இன்னும் எட்டு மைல்.

முன்னால் ஒரு வைக்கோல் லாரி ஆடி ஆடிப் போனது.

"ஒதுங்கி முந்துப்பா," என்றார் கம்பவுண்டர் வேதாசலம். அன்று காலையில்தான் அவர் வேலையில் சேர்ந்திருந்தார்.

"எதிர்ல பஸ் வருது சார்," என்றான் டிரைவர் தானியேல்.

பஸ் போனது. அதன் பின்னாலேயே இன்னொரு லாரி வந்தது. தானியேல் நாலு வண்டி தூரம் இடம் விட்டே ஓட்டினான்.

"உள்ள உயிர் ஊசலாடிக்கினு கீது. நீ இன்னாடான்னா ஊர்கோலம் போற."

"இது ஜீப் இல்ல சார். சட்டுனு ஒடிச்சா சாஞ்சிடும். திடீர்னு பிரேக் போட்டா அது கட்டில்லேர்ந்து உருண்டுடும்."

"உனக்கின்னா, சம்பளத்துக்கு ஓட்டறவன்."

ரோடு காலியானதும் தானியேல் ஹாரன் அடித்து, நன்றாக ஒதுங்கி லாரியைத் தாண்டினான். அலமாரியில் ஒரு புட்டிகூட உருளவில்லை.

செங்கல்பட்டில் அவளை உள்ளே கொண்டுபோன சற்று நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார்.

"உடனே ஆபரேஷன் பண்ணணும். நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க, ரெண்டு உயிரையும் காப்பாத்திடலாம். இந்தக் காகிதத்துல புருஷன் கையெழுத்து வேணும். வந்திருக்காரா?"

வேதாசலம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நான்தாங்கய்யா," என்று தானியேல் முன்னே வந்தான். பேனாவை வாங்கிய கை, எழுத முடியாமல் நடுங்கியது. வேதாசலம் அந்தக் காகிதம் நகராதபடி பிடித்துக்கொண்டார்.